தலைதீபாவளிக்கு வந்த விரதம்

எங்கள் வீட்டில் சாயங்காலமானால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசிக்கொண்டிருப்போம். பேசுவதற்குக் குரல் போதும், முகம் எதற்கு என்பார் என் வீட்டுக்காரர். அது அவருடைய சமாதானம். உண்மை என்னவென்றால், நாகமலை அடிவாரத்தில் ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி என்று கட்டிய அந்த வீட்டுக்கு மாசம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். வீட்டுக் கடன் வாங்கினவர்களுக்கு நான் சொல்வது புரியும். வாங்காதவர்கள் நன்றாக இருக்கட்டும்.

நான் நாலாவது வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டி எழுதுவதால் மெள்ளத்தான் வரும். நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

அவருக்கு முதலில் நூல் மில்லில் வேலை. மில்லை மூடின பிறகு டவுனில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதப் போனார். மண்டியில் கழித்துப் போடுகிற வெங்காயத்தை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வருவார். அழுகினதைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தை வெயிலில் காயவைத்தால் மாசத்துக்கு வெங்காயச் செலவே கிடையாது. பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று வந்த பிறகு எனக்குக் கால் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. உழவர் சந்தை மூடுகிற நேரம் பார்த்துப் போவேன். கத்தரிக்காயைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள். கேஸ் சிலிண்டரை இரண்டு மாசத்துக்கு மேல் இழுப்பேன். வெந்நீர், பருப்பு வேகவைப்பது எல்லாம் கொல்லையில் மட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் போட்டு விறகடுப்பில்தான். ரேஷன் அரிசியை நாலு தண்ணீர் கழுவி, உளுந்தைக் கொஞ்சம் கூடப் போட்டு அரைத்தால் இட்லி பஞ்சாக வரும். எந்த அரிசி என்று சாப்பிட்டவர் ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. பல்பு இருக்கிற இடத்திலெல்லாம் கை தானாகப் போட்டுவிடுகிறது என்று கொல்லை, வாசல், குளியலறை மூன்று இடத்திலும் பல்பையே கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம்.

சந்தோஷம் இல்லாமலும் இல்லை. டியூ கட்டின அன்றைக்குச் சாயங்காலம் அவர் தூக்குவாளியில் பருத்திப்பால் வாங்கிவருவார். சுக்கு வாசனை தெருமுனையிலேயே வந்துவிடும். ஆளுக்கு ஒரு டம்ளர், இருட்டில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிப்போம். மல்லிகைப்பூ கடைசி பஸ்ஸுக்கு விலை இறங்கும். அப்போது ஒரு முழம் வாங்கிப் பாதியைச் சாமிக்கும் பாதியைத் தலைக்கும் வைத்துக்கொள்வேன். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கறி. மகள் கல்யாணத்துக்கு முன் எங்களோடு இருந்தபோது தட்டைப் பார்த்துச் சொல்வாள்:

“அம்மா, இந்தக் குழம்புல ஆடு குளிச்சிட்டு ஏறிப் போயிருச்சு போல.”

“குளிச்ச ஆடுதான் ருசி. தின்னு” என்பேன்.

இதிலெல்லாம் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்தான். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். இல்லை என்ற சொல்லை வாசலில் நின்று சொல்லிப் பழக்கமில்லை. நாலு சுவருக்குள் நாங்கள் எப்படி வேண்டுமானாலும் இருப்போம், வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், “என்னக்கா, வீடு இருட்டாக் கிடக்கு, ஊருக்குப் போயிட்டீகளோன்னு நெனச்சேன்” என்றாள். “எனக்கு வெளிச்சம் பட்டாத் தலைவலி வரும்த்தா” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மகளைக் கல்லுப்பட்டிப் பக்கத்தில் கொடுத்தோம். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவருடைய அம்மா, என் சம்பந்தி, நெட்டையான பொம்பளை. இரண்டு மூக்கிலும் மூக்குத்தி. அதிகம் பேச மாட்டார்கள். பேசினால் சுருக்கென்று ஒரு சொல் விழும். பெண் பார்க்க வந்தபோது அவர்கள் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வீடு பாந்தமா இருக்கு மதினி” என்றார்கள். அந்தச் சொல்லை நான் நகை மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அந்த வீட்டுக்குள் நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் என் மகள் அங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று எனக்கு ஒரு பயம்.

கல்யாணம் முடிந்து தலைதீபாவளி வந்தது. எங்கள் பக்கத்தில் தலைதீபாவளி என்றால் மாப்பிள்ளையைத் தாங்கு தாங்கென்று தாங்க வேண்டும். மோதிரம், வேட்டி சட்டை, மகளுக்குப் பட்டு, வேளைக்கு வேளை கறிச்சோறு. மோதிரத்துக்கு என் கை வளையல் ஒன்று போனது. மற்றதற்கு இரண்டு மாசமாகப் பருத்திப்பாலையும் பூவையும் நிறுத்தினோம். தீபாவளிக்கு முந்தின நாள் வருவார்கள், தீபாவளி ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் காலையில் கல்லுப்பட்டிக்குக் கிளம்புவார்கள் என்று நாங்களாக ஒரு கணக்குப் போட்டிருந்தோம். வாங்கினது எல்லாம் அந்தக் கணக்குக்குத்தான்.

தீபாவளி நன்றாகத்தான் போனது. விடியுமுன் அகல் வெளிச்சத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளைக்கு இட்லியும் கறிக்குழம்பும் வைத்தேன். மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் கொடுத்துவிடுவேன். “அத்தை கைப்பக்குவமே தனி” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்த கையோடு என் கண் சட்டியின் அடிக்குத்தான் போனது. மத்தியானத்துக்குப் பிரியாணி, ராத்திரிக்குச் சுக்கா. எல்லாம் சரியாக முடிந்து நான் சட்டியைக் கழுவக் கவிழ்த்தபோது ஹாலில் மாப்பிள்ளை பேசுகிறார்:

“மாமா, எனக்குப் பத்து நாள் லீவு இருக்கு. ஊருக்குப் பெறகு போய்க்கிறலாம். ஒரு வாரம் இங்கனயே இருந்துட்டுப் போகலாம்னு நெனக்கிறோம்.”

பிள்ளை ஆசையாகச் சொல்கிறது. எனக்குக் கறிக்கடைத் தராசுதான் கண்ணில் ஆடுகிறது. என் வீட்டுக்காரர் அடுப்படிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே வரவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தாராளமா இருங்க மாப்ள. இது உங்க வீடு. என்ன ஒண்ணு, இந்தா சஷ்டி வந்துருச்சு. நாங்க காப்புக் கட்டிருவோம். வீட்டுல கவுச்சி பொழங்க மாட்டோம். உங்களுக்குத்தான் வாய்க்கு ருசியில்லாமப் போயிரும்.”

கையில் இருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது. சஷ்டி விரதமாவது காப்பாவது! கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் ஒரு வேளைகூடச் சஷ்டிக்கு இருந்ததில்லை. திருப்பரங்குன்றத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி.

மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

“அட, நீங்களும் இருப்பீகளா மாமா? எங்கம்மா வருசா வருசம் திருப்பரங்குன்றத்துல தங்கித்தான் இருக்காக! தனியாத்தான் போயிட்டு வருவாக. இந்த வருசம் சேந்து போங்களேன். இப்பவே சொல்லிர்றேன்.”

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மகள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து எங்களோடு இருந்தவள். என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டாள். கட்டிக்கொண்டவரிடம் வாய் திறக்க முடியாமல் ஒரு பொய்யை அவள் மடியில் கட்டிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

மாப்பிள்ளை வந்து, “அம்மாவுக்கு ஒரே சந்தோசம். காலையில மொத பஸ்ஸுல வாராகளாம்” என்றார்.

கொல்லையில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏங்க, என்ன வேலை செஞ்சு வச்சிருக்கீக?”

“ஒரு வாரம் கறி எடுத்தா டியூவுக்கு என்ன செய்யிறது? சாம்பாரு, பொரியல்னா சமாளிச்சிரலாம்னு சொன்னேன்.”

“அதுக்கு முருகனையா இழுக்கிறது?”

“பின்ன யாரை இழுக்கிறது? அவருதான் நமக்குப் பக்கத்துல இருக்காரு.”

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிக்கவில்லை.

மறுநாள் சம்பந்தி வந்துவிட்டார்கள். தோளில் ஒரு பை. பையில் மாற்றுச் சேலை, ஒரு பாய், போர்வை, செம்பு, டம்ளர், திருநீற்றுப் பை. நான் ஒரு சேலையை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டேன். மகளையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு, பெரியார் ஸ்டாண்டில் பஸ் மாறித் திருப்பரங்குன்றம் போனோம்.

கோயிலில் எள் போட்டால் விழாத கூட்டம். பச்சைச் சேலையும் மஞ்சள் சேலையுமாகப் பொம்பளைகள் மண்டபம் பூராவும் இடம் பிடித்திருந்தார்கள். சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு வந்து காப்புக் கட்டிக்கொண்டோம். என் மணிக்கட்டில் அந்தக் கயிற்றைக் கட்டினபோது நெருப்பை வைத்துக் கட்டின மாதிரி இருந்தது. எல்லோரும் என்னென்னவோ வேண்டிக்கொண்டு கையை நீட்டினார்கள். பிள்ளை வேண்டி, வியாதி தீர வேண்டி. நான் கறிக்கடைக்குப் பயந்து கையை நீட்டினேன்.

மண்டபத்தில் ஒரு தூண் ஓரமாக இடம் கிடைத்தது. சம்பந்தி பாயை விரித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். விரிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் வருகிறவளாக இருந்தால் பாய் கொண்டு வரத் தெரியாதா? அவர்கள் என் மஞ்சள் பையைப் பார்த்தார்கள். பாயில் பாதியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

“உக்காருங்க மதினி. எத்தனை வருசமா இருக்கீக?”

“அது… கணக்கு வச்சுக்கிறல மதினி.”

“ம்” என்றார்கள். மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

விரதம் இருக்கிறவர்களுக்கு மத்தியானம் தினைமாவு கொடுத்தார்கள், சாயங்காலம் பால். டம்ளரை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நான் யாரிடமும் பாத்திரம் நீட்டினவள் இல்லை. அங்கே காரில் வந்த பொம்பளைகளும் டம்ளரோடு நின்றார்கள். சாமி கொடுக்கிறது, வாங்குவதில் குறைச்சல் இல்லை. எனக்கு மட்டும் டம்ளரை நீட்டக் கூசியது. ஏனென்றால் அந்த வரிசையில் நிற்கும்போதே என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வீட்டில் பால் இல்லை, நமக்கு அரிசி வேகவில்லை, அம்புட்டும் மிச்சம் என்று. நிறுத்து, நிறுத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நின்றால்தானே! பழகின புத்தி, கோயில் என்று பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் பகலில் மண்டிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் கோயிலுக்கு வந்துவிடுவார். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மனுஷன் மேல் உளுந்த வடை வாசனை. நான் முறைத்தேன். அவர் கோபுரத்தைப் பார்த்தார். சம்பந்தி திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டே சொன்னார்கள்:

“அண்ணனுக்கு முருகன் தனியாப் படியளந்துட்டாரு போல.”

அவர், “கூட்டத்துல யாரோ இடிச்சுட்டாக மதினி, எண்ணெக் கையோட” என்றார்.

“வாயிலயா இடிச்சாக?”

பக்கத்துப் பாயில் இருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார்கள். நான் தூணில் இருந்த சிற்பத்தை என்னமோ அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மலையைச் சுற்றி வரும்போது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தி மடியில் இருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பல்லால் கடித்துப் பிளந்து, தண்ணீரில் பிழிந்து கொடுத்தார்கள்.

“குடிங்க. மொதத் தடவை இருக்கிறவுகளுக்கு மூணாம் நாளு இப்பிடித்தான் வரும். நாளைக்குச் சரியாப் போகும்.”

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மலையைப் பார்த்துச் சொன்னார்கள். நான் டம்ளரை வாயில் இருந்து எடுக்கவே இல்லை. தண்ணீர் தீர்ந்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு எதுவரை தெரியும்? நான் புதிது என்பது மட்டுமா, ஏன் வந்தேன் என்பதுமா? அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. மிச்ச நாளெல்லாம் அந்தக் கேள்வியோடுதான் அவர்கள் பாயில் பாதியில் படுத்துக் கிடந்தேன். ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சொல்லியிருப்பேன். பாதிப் பாயைக் கொடுத்தவர்களிடம் என்னத்தைச் சொல்ல?

சூரசம்ஹாரம் முடிந்தது. மறுநாள் தேர் பார்த்து, சாமி கும்பிட்டு, காப்பை அவிழ்த்துவிட்டு மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. தெரு திரும்பியதும் எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டில் வாசலில் வெளிச்சம். பக்கத்துச் சந்தில் குளியலறையிலும் வெளிச்சம். கொல்லையில் வெளிச்சம். கல்யாண வீடு மாதிரி எரிகிறது. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று ஓடினேன்.

மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார்.

“வாங்க அத்தை. பல்பெல்லாம் பீஸ் போயி எடுத்துப் போட்டிருந்தீக போல. எல்லாத்துக்கும் புதுசு மாட்டிட்டேன்.”

உள்ளே போனேன். அடுப்படியில் புதுச் சிலிண்டர். பக்கத்தில் ஒரு சிப்பம் பொன்னி அரிசி. எண்ணெய் டின், பருப்பு, சீனி, காபித்தூள், ஒரு பெட்டி நிறைய ஆப்பிளும் மாதுளையும்.

“கேஸு ரெண்டாம் நாளே தீந்துபோச்சு அத்தை. இன்னொரு சிலிண்டரு எங்கன்னு இவகிட்டக் கேட்டா முழிக்கிறா. அரிசியும் ரேசன் அரிசிதான் இருந்துச்சு. நீங்க கோயிலுக்குப் போற அவசரத்துல வாங்க நேரமில்லாமப் போயிருக்கும்னு… ஒண்ணும் நெனச்சுக்கிறாதீக.”

பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற ஆட்கள் நாங்கள். அப்படியிருக்க, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மருமகன் என் அடுப்படிக்கு அரிசி வாங்கிப் போட்டிருக்கிறார். தலைதீபாவளிக்கு வந்த மருமகன்! பின்னால் திரும்பிப் பார்த்தால் சம்பந்தி பையைக்கூட இறக்காமல் நிற்கிறார்கள். அரிசிச் சிப்பத்தைப் பார்த்தார்கள். கொல்லைக் கதவு வழியே புது வெளிச்சத்தில் தெரிந்த விறகடுப்பைப் பார்த்தார்கள், பக்கத்தில் குவித்திருந்த சிரட்டையைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று நான் இருட்டில் வைத்திருந்ததை எல்லாம் அவர்கள் பிள்ளையே பல்பு போட்டுக் காட்டிவிட்டார்.

“எதுக்குத் தம்பி உங்களுக்கு இம்புட்டுச் சிரமம்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஹாலில் மாப்பிள்ளை மகளிடம் கேட்டார்: “பை ஒண்ணு குடு. விரதந்தான் முடிஞ்சுருச்சே, கறி எடுத்துட்டு வந்துர்றேன்.”

எனக்குள் என்னமோ அறுந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். முதல் தடவையாக மாப்பிள்ளைக்கு நேரே நின்றேன்.

“பையக் குடுங்க தம்பி. இந்த வீட்டுல கறி எடுக்கிறது உங்க மாமாதான்.”

சத்தம் கொஞ்சம் கூடத்தான் போய்விட்டது. அவர் பையை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சாமி படத்துக்குப் பின்னால் டியூ பணம் இருந்தது. நாங்கள் கோயிலில் இருந்தபோதே கட்ட வேண்டிய தேதி தாண்டிவிட்டிருந்தது. வந்ததும் முதல் வேலையாக அன்றைக்குக் கட்டுவதாக இருந்தோம். அதில் இருந்து எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தேன்.

“இது டியூவுக்குள்ளதுல்ல?” என்றார் மெதுவாக.

“தெரியும். தொடைக்கறியா ரெண்டு கிலோ. ஈரல் தனியா. போய்ட்டு வாங்க.”

“அப்ப டியூ?”

“மொதல்ல போய்ட்டு வாங்க.”

அன்றைக்குச் சமைத்தது போல நான் என்றைக்கும் சமைத்ததில்லை. எண்ணெயை அளக்காமல் ஊற்றினேன். தேங்காயை முழுசாக உடைத்து அரைத்தேன். ஈரலை மிளகு போட்டுத் தனியாக வறுத்தேன். கறித்துண்டை எண்ணவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சமையலில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது பார்க்கட்டும் இந்த வீட்டை என்று மனசுக்குள் ஒரு வீறாப்பு.

மத்தியானம் நாலு பேருக்கும் இலை போட்டேன். சம்பந்தி, மாப்பிள்ளை, மகள், என் வீட்டுக்காரர். சம்பந்தி உட்காரும்போதே சொல்லிவிட்டார்கள்: “எனக்கு ரெண்டு துண்டு போதும் மதினி. விரதம் இருந்த வயிறு, சுருங்கிப் போய்க் கிடக்கு.” சரி என்று கொஞ்சமாக வைத்தேன். எல்லோரும் பிசைந்து வாயில் வைத்தார்கள். ஜன்னல் திண்டில் இருந்த போன் அடித்தது.

அவருக்கு மில் சத்தத்தில் காது மந்தம். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பழக்க தோஷம், இடது கையால் எட்டி அமுக்கிவிட்டார்.

“சார், வணக்கம் சார். உங்க வீட்டுக் கடன் டியூ இந்த மாசம் இன்னும் வரலை சார்.”

சின்னப் பெண் குரல். மரியாதையான பெண். அதுதான் இன்னும் மோசம். ஹால் முழுக்க மணி அடித்த மாதிரி கேட்டது.

“கோயில்ல இருந்தேன்த்தா… கட்டிர்றேன்.”

“நாலஞ்சு தடவை கூப்பிட்டோம் சார், எடுக்கலை. இன்னைக்குக் கட்டிருவீங்களா சார்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு நாலு இலையில் ஆவி பறந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை குனிந்து ஒரு எலும்பையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கண்ணில் இருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்ததை நான் பார்த்தேன்.

“எந்தத் தேதினு சொல்லுங்க சார், நான் குறிச்சுக்கிறேன்.”

அப்போது சம்பந்தி சத்தமாகக் கூப்பிட்டார்கள்.

“மதினி! என்ன மரம் மாதிரி நிக்கிறீக? கறி வைங்க!”

திடுக்கிட்டுப் போய் ஒரு கரண்டி வைத்தேன்.

“இம்புட்டுத்தானா? இன்னும் வைங்க. நல்லி எலும்பாப் பாத்து வைங்க!”

“சார், லைன்ல இருக்கீங்களா சார்?”

“ஈரல் எங்க? ஈரல் வச்சிருக்கீகளாமே, கொண்டாங்க இங்கிட்டு! டேய், உனக்கு வேணுமாடா? கேட்டு வாங்கித் தின்னுடா! குழம்ப ஊத்துங்க மதினி, நல்லா ஊத்துங்க!”

அதிகம் பேசாத பொம்பளை. காட்டில் மாடு விரட்டுகிற குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். போனில் அந்தப் பெண் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. நான் வைத்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் என்னமோ ஒரு கிழமையைச் சொல்லி, எச்சில் கையாலேயே போனை அணைத்தார்.

போன் நின்றதும் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் இலையில் கறி குவிந்து கிடந்தது. இரண்டு ஆம்பிளை தின்கிற கறி.

மாப்பிள்ளை எழுந்து கை கழுவப் போனார். மகள் போனாள். என் வீட்டுக்காரர் போனவர் கொல்லையில் இருந்து திரும்பவே இல்லை. சம்பந்தி எழவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து, மென்று, தண்ணீர் குடித்து, மறுபடி ஒன்றை எடுத்தார்கள். நெற்றியில் வியர்த்துவிட்டது. ஒரு வாரம் பாலிலும் தினைமாவிலும் கிடந்த வயிறு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். நானும்தானே கிடந்தேன்.

“போதும் மதினி. மிச்சத்த வச்சிருங்க, ஒண்ணும் நெனைக்க மாட்டேன்” என்றேன்.

“வைக்க மாட்டேன்” என்றார்கள்.

நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு துண்டு விடாமல், நல்லியை உறிஞ்சி, ஈரலை வழித்து, இலையில் ஒட்டின மசால் வரை தின்று முடித்தார்கள். அதுவரை கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர்கள் இலைக்கு முன்னால் நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.